அந்தோனியார் இல்லாத சத்தியம்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மனியில் உரலில் மிளகாய் இடிக்க முடியாது. அங்கே ஞாயிறு அமைதி நாள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, புல்வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பக்கூடாது, வெற்றுப் போத்தல்களைத் தெருமுனைத் தொட்டியில் போடக்கூடாது. இவையெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று குசினியில் நிலத்தில் குந்தியிருந்து, என் மனைவிக்குத் தோள்மூட்டு நோவென்று நானே செத்தல் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. வாசலில் எதிர்வீட்டுத் திருமதி பெக்கர் நின்றார். சத்தத்துக்காக வந்திருக்கிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். ஒரு சிறு போத்தலில் தூளும் தருவதாகச் சொன்னேன். அவர் என் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தபடி, "உங்கள் மனைவி எங்கே?" என்றார். அவள் குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கும்வரை அந்த மனுஷி அசையவில்லை. பிறகுதான், "யாரையோ அடிக்கிறார்கள் என்று நினைத்தேன்" என்று சொல்லிப் போனார். கதவைச் சாத்திவிட்டு நானும் மனைவியும் வயிறு நோகச் சிரித்தோம். உண்மையில் திருமதி பெக்கர் பிழையாக நினைக்கவில்லை. மாடியை மட்டும்தான் மாற்றி நினைத்துவிட்டார்.

எங்களுக்கு மேல்வீட்டில் யூட்டும் ஸ்ரெல்லாவும் இருந்தார்கள். இருவரும் மன்னார்த் தீவில் கீரிக் கிராமத்து ஆட்கள். நானும் கீரி, மன்னாரில் படிப்பித்துவிட்டு, சண்டை முற்றிய காலத்தில் வெளிக்கிட்டு வந்தவன். யூட் உணவகமொன்றில் கோப்பை கழுவினான். ஸ்ரெல்லா அவனுக்கு மனைவியாக விசா பெற்று வந்து அதிக காலமாகவில்லை. அந்த நகரத்துத் தமிழருக்கு நான் மாஸ்டர். வெளிநாட்டவருக்கு விசா கொடுக்கும் கந்தோரில், வைத்தியசாலையில், நீதிமன்றத்தில் மொழிபெயர்த்தேன். யாருக்குக் கடிதம் வந்தாலும் என் கதவுக்குத்தான் வரும். எங்கட ஆக்களைப் பொலிசுக்குப் போகவிடாமல் வைத்திருப்பவன் என்று எனக்கொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் மிகவும் விரும்பினேன்.

மேலே அவன் அவளை அடிக்கும் சத்தம் எங்கள் கூரையால் இறங்கும். முதலில் கதிரை விழும். பிறகு அவள் ஓடும் காலடி. பிறகு சுவரில் மோதும் சத்தம். அது மட்டும் மற்றச் சத்தங்களைப்போல் இராது, ஈரச் சாக்கை நிலத்தில் போட்டதுபோல் இருக்கும். அவள் கத்துவது குறைவு. நான் வானொலியைக் கூட்டி வைப்பேன். என் மனைவி ஒருநாள் எழும்பி வந்து அதைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மறுபடியும் கூட்டினேன். இதற்கு மேல் அதை எப்படி விளக்குவதென்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் பொலிசைக் கூப்பிட்டவர் திருமதி பெக்கர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார்கள். ஸ்ரெல்லாவின் உதடு கிழிந்து, முன்பல் ஒன்று உடைந்திருந்தது. அங்கேதான் அந்த நாட்டின் சட்டம் என்னைத் திகைக்கவைத்தது. எங்கள் ஊரில் அடி வாங்கியவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவாள். அடித்தவன் வீட்டில் இருந்து சோறு தின்பான். அங்கே பொலிஸ்காரி கையை நீட்டி யூட்டிடம் வீட்டுக் கதவின் திறப்பை வாங்கினாள். உடுப்பு எடுத்துக்கொள், வெளியேறு, இந்தத் தெருப்பக்கம் வராதே என்றாள். நான்தான் மொழிபெயர்த்தேன். யூட் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மாஸ்டர், இந்த நாட்டில நாய்க்கும் பொம்பிளைக்கும்தான் சட்டம். எங்களுக்கு என்ன இருக்கு?"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. என்ன சொல்கிறான் என்று பொலிஸ்காரி கேட்டபோது, வெட்கப்படுகிறான் என்று சொன்னேன்.

கீரியில் இப்படி இராது என்பதுதான் அப்போது என் நெஞ்சு முழுவதும் இருந்தது. நான் இளந்தாரியாக இருந்தபோது கடற்கரையில் வலை அறுத்த சண்டை ஒன்று நடந்தது. ஒருவன் மீன் வெட்டும் கத்தியால் மற்றவனின் தோளைப் பிளந்தான். வெள்ளை எலும்பு தெரிந்ததை நான் கண்டேன். மணல் இரத்தத்தைக் குடித்துக் கறுத்துக் கிடந்தது. வெட்டுப்பட்டவனின் ஆட்கள் பொல்லுகளோடு ஓடி வந்தார்கள். அன்று பொலிஸ் வரவில்லை. கோயில் மூப்பர் வந்தார், சுவாமியார் வந்தார். காயம் ஆறியபின் இருவரையும் அந்தோனியார் சுரூபத்தின் முன் முழந்தாளில் விட்டார்கள். வெட்டினவன் சுரூபத்தின் காலில் கைவைத்து, இனி இவன்மேல் கை ஓங்கினால் கடல் என்னைக் கொள்ளட்டும் என்று சத்தியம் பண்ணினான். சாகும்வரை அவன் அதை மீறவில்லை. புனிதரின் வல்லமை என்று நாங்கள் நம்பினோம். இப்போது எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. சத்தியத்தை மீறினவனின் வள்ளத்தில் அங்கே ஒருவனும் ஏறமாட்டான். அவன் பக்கத்தில் நின்று வலை இழுக்கமாட்டான். பட்டினி கிடக்கவேண்டியதுதான். சத்தியத்தைக் காத்தது அந்தக் கடற்கரை முழுவதும் விழித்திருந்த கண்கள். ஜெர்மனியின் ஒரு மாடி வீட்டில் அந்தக் கண்கள் இல்லை.

நான் கீரியின் வழக்கத்தை அங்கே கொண்டுபோனேன். என் வீட்டு அலுமாரிக்கு மேலே ஊரிலிருந்து கொண்டுவந்த அந்தோனியார் இருந்தார். பொலிசுக்குத் தெரியாமல் யூட்டையும் ஸ்ரெல்லாவையும் கூப்பிட்டேன். அவன் அழுதான். மூக்கைச் சீறிக்கொண்டு சத்தியம் பண்ணினான். ஸ்ரெல்லா வீங்கிய உதட்டோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாஸ்டர், இவர் இனி அடிக்கமாட்டார் எண்டு சொல்லுறது நீங்களோ, அந்தோனியாரோ?"

"பிள்ளை, சத்தியம் பண்ணிப்போட்டான். கீரிப் பெடியன். மீறுவானோ?"

"கீரியில எண்டால் மீறமாட்டார்" என்றாள்.

நான் விளங்குவதற்கு வருடக்கணக்காக எடுத்ததை அவள் அன்றே விளங்கிவிட்டாள். ஆனாலும் நான் விடவில்லை. இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். மனைவியாக வந்தவளின் விசா முதல் சில வருடங்களுக்குப் புருஷனோடு கட்டுப்பட்டது. பிரிந்தால் அவள் திரும்பிப் போகவேண்டி வரலாம். ஆனால் அடிபட்டவளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருந்தது. எனக்கு அது தெரியும். வேறொரு பெண்ணுக்காக அதே கந்தோரில், அதே மேசையில், என் வாயாலேயே அதை மொழிபெயர்த்திருக்கிறேன். ஸ்ரெல்லாவுக்குச் சொல்லவில்லை. "அவனை மறியலில அடைச்சால் உன்ர விசாவும் போச்சு பிள்ளை. கொம்மாவின்ர முகத்தில எப்பிடி முழிப்பாய்?" என்று சொன்னேன். அவள் பொலிசுக்கு வந்து, மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னாள். அதையும் நானே மொழிபெயர்த்தேன். பொலிஸ்காரி அவளைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யூட் திறப்போடு திரும்பினான். குளிர்காலம் முடிவதற்கு முன், ஒரு விடுமுறை நாள் பகலில், மேலே கதிரை விழுந்தது. இந்தமுறை அவள் கத்தினாள். நான் படியேறிப் போனேன். கதவு திறந்து கிடந்தது. கோழி வெட்டும் கத்தியால் அவன் அவளுடைய காதடியிலிருந்து நாடிவரை கீறியிருந்தான். மறித்த வலக்கையை இரண்டாம் வெட்டுப் பிளந்திருந்தது. குசினிச் சுவரில், காஸ் அடுப்பில், கழுவி வைத்த அரிசியில் எல்லாம் இரத்தம். அவன் கத்தியைக் கையில் வைத்தபடி கதிரையில் இருந்தான். "சத்தியத்தைச் சொல்லிச் சொல்லியே கொல்லுறாள் மாஸ்டர்" என்றான். திருமதி பெக்கர் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய் அவளுடைய கழுத்தைத் துவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்புலன்ஸ் வரும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.

ஸ்ரெல்லா பிழைத்தாள். முகத்தின் ஒரு பக்கம் இழுபட்டுப் போனது. வலக்கையின் இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்குவதில்லை.

வழக்கு வந்தது. யூட்டின் வழக்கறிஞர் கெட்டிக்காரர். முன்பு இவள் படியில் விழுந்தேன் என்று தானே சொன்னவள், இவள் சொல்லை எப்படி நம்புவது என்று கேட்டார். ஸ்ரெல்லா, மாஸ்டர் சொல்லித்தான் அப்படிச் சொன்னேன் என்றாள். என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அங்கே சாட்சிகளிடம் பெரும்பாலும் சத்தியம் கேட்பதில்லை. அன்று நீதிபதி கேட்டார். கடவுளின் பெயரைச் சேர்த்துச் சொல்கிறீர்களா, சேர்க்காமலா என்றும் கேட்டார். இரண்டுக்கும் சட்டத்தில் இடமிருந்தது. நான் சேர்க்காமல் என்றேன். என்னை அறிந்தவர்கள் ஆச்சரியப்பட்டிருப்பார்கள்; ஒரு ஞாயிறு பூசையும் தவறவிடாதவன் நான். காரணம் எனக்கு மட்டும் தெரியும். கடவுளும் அந்தோனியாரும் இல்லாத சத்தியம் எனக்குச் சத்தியமே அல்ல. கந்தோரில் போடும் கையெழுத்துப் போன்றது. அதை மீறலாம். வலக்கையை உயர்த்தி, அந்தப் பெண்ணை நான் எதற்கும் வற்புறுத்தவில்லை, அவளே வந்து கேட்டாள், நான் மொழிபெயர்த்தது மட்டும்தான் என்று தெளிவான ஜெர்மன் மொழியில் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என் தொழில் போயிருக்கும், மாஸ்டர் என்ற பெயரும் போயிருக்கும். ஸ்ரெல்லா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் அழவில்லை. எனக்கு முன்னால் வாந்தி எடுக்கப் போகிறவளைப்போல் வாயை மட்டும் பொத்திக்கொண்டாள்.

முன்பு அடித்தது கணக்கில் சேராமல் தண்டனை குறைந்தது. அது முடிந்ததும் யூட்டை நாடு கடத்தினார்கள். அவன் கீரிக்குப் போய், விசாவுக்காகப் பெண்சாதி பொய்ச்சாட்சி சொல்லித் தன்னை மறியலுக்கு அனுப்பினாள், மாஸ்டரே கோர்ட்டில் சொன்னவர் என்று சொன்னான். என் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருந்தது. அவன் குடித்துக் குடித்துச் செத்தபோது கீரி அவனுக்காக அழுதது. அவனுடைய தமையன் பெனடிக்ற், அவள் ஊரில் கால் வைத்தால் வெட்டுவேன் என்று குழிக்கரையில் நின்று சொன்னான். ஸ்ரெல்லாவின் தாய் தனியே கிடந்தாள்.

என் மனைவி செத்தபிறகு ஸ்ரெல்லாவைத் தேடிப் போனேன். வேறு நகரத்தில் இருந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றே, மன்னித்துக்கொள் பிள்ளை என்றேன்.

"எனக்கேன் சொல்லுறீங்கள்? எனக்கு நடந்தது எனக்குத் தெரியும்தானே. கீரியில போய்ச் சொல்லுங்கோ. எனக்கு அம்மாவைப் பார்க்கவேணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

போனேன். ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது கோயில் முற்றத்தில் நின்று, இங்கே எழுதியதை எல்லாம் சொன்னேன். பாதியில் சிலர் போய்விட்டார்கள். பெனடிக்ற் முடியும்வரை கேட்டான். பிறகு பக்கத்தில் வந்தான்.

"என்ர தம்பி சாகுமட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டு, இப்ப வெள்ளைச் சேட்டோட வந்து பாவசங்கீர்த்தனமோ?"

முதல் அடியிலேயே என் மூக்கு உடைந்தது. விழுந்த பிறகும் விலாவில் உதைத்தான். எலும்பு முறிவது எனக்கே கேட்டது. ஒருவரும் மறிக்கவில்லை, மறித்திருக்கவும் கூடாது. ஸ்ரெல்லாவின் தாய்தான் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னைக் குனிந்தும் பார்க்கவில்லை. என்மேலால் கடந்து அவன் முன்னே போய் நின்றாள்.

"கேட்டாய்தானே? இப்ப எல்லாருக்கும் முன்னால சொல்லு. என்ர பிள்ளை வந்தால் வெட்டுவியோ?"

பெனடிக்ற் தன் கையைப் பார்த்தான். என் இரத்தம் மணிக்கட்டுவரை வழிந்திருந்தது. அதை இடுப்புச் சாரத்தில் துடைத்தான்.

"வரட்டும்" என்றான்.

மன்னார் வைத்தியசாலையில் பொலிஸ் வந்து, வெளிநாட்டுப் பிரஜைக்கு அடித்திருக்கிறார்கள், முறைப்பாடு எழுதுவோமா என்று கேட்டது. வேண்டாம் என்றேன்.

ஸ்ரெல்லா இப்போது வருடாவருடம் கீரிக்கு வருகிறாள். ஒரேயொரு நிபந்தனையைத் தாய்மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: அவள் நிற்கும்போது நான் மன்னார்த் தீவுக்குள் வரக்கூடாது. இந்த முறை அவள் போய்விட்டாள் என்று நினைத்து வந்திறங்கிவிட்டேன். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அவள் தாயிடம் தொலைபேசியில் கேட்டபோது, "பிள்ளை இன்னும் கொஞ்ச நாள் நிக்கப்போறாளாம்" என்றாள். அவள் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. ஆகவே தீவுக்கு வெளியே முருங்கனில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். உல்லாசப் பயணி என்று முத்திரை குத்திய என் விசா நாள்நாளாகக் கரைகிறது. காலையில் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்பேன். மதவாச்சிப் பக்கமிருந்து பஸ் வந்து நிற்கும். நடத்துநர் பெடியன் என் வெள்ளைத் தலையைக் கண்டு கதவில் தொங்கிக்கொண்டு கத்துவான்.

"ஐயா, மன்னாரோ? ஏறுங்கோ, இடமிருக்கு!"

"இல்லைத் தம்பி. நீங்கள் போங்கோ."

பஸ் தீவுப் பக்கம் திரும்பிப் போகும். நான் புழுதி அடங்கும்வரை நின்றுவிட்டு அறைக்குத் திரும்புவேன்.