கடைசிப் பெட்டியில் நான்கு இருக்கைகள்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்துள்ள உறவுகள், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அண்ணா கண்மூடி ஓர் ஆண்டு ஆகிறது. அவருக்கு மனைவி மக்கள் இல்லை. ஆகவே பிள்ளைகள் எழுதவேண்டிய இந்தப் பக்கங்களை அவருடைய ஒரே தங்கையான நான் எழுதுகிறேன்.

அண்ணா கொடிகாமத்தில் பிறந்தார். எனக்கு எட்டு வயது மூத்தவர். எங்களைப் பெற்ற ஐயா இறந்தபோது அவர் பத்தாம் வகுப்பில் இருந்தார். அடுத்த மாதமே பள்ளிக்கூடத்தை விட்டு, சாவகச்சேரியில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். நாட்டு நிலைமை மோசமானபோது அம்மாவே அவரை வெளியே போகச் சொன்னார். பல நாடுகளைச் சுற்றி, எண்பதுகளின் நடுவில் டென்மார்க் வந்து சேர்ந்தார். அகதி முகாமில் சில மாதங்கள் இருந்தபின் ரண்டர்ஸ் நகரில் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் குளிரறையில் நின்றார். என்னை இங்கே அழைத்து, தலைநகருக்கு அருகே இஷொயில் இருந்த என் கணவருக்குத் திருமணம் செய்து வைத்தவரும் அவரே. அவருக்கு இரண்டு இடங்களில் பேசிய கல்யாணம் சரிவரவில்லை. மூன்றாவது முறை நான் கதையெடுத்தபோது, "இனிக் கேளாதை, பிள்ளை" என்றார். அதோடு நானும் விட்டுவிட்டேன்.

தோள்மூட்டுப் பழுதாகி வேலை நின்றபிறகு அண்ணாவின் நாட்கள் எப்படிப் போயின என்று உறவினர் பலருக்குத் தெரியாது. எனக்கும் முழுதாகத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகருக்கு வெளியே பழைய ரயில்களைப் பேணும் சங்கம் ஒன்றின் கொட்டகையைப் பொதுமக்களுக்குத் திறந்திருந்தார்கள். அண்ணா தனியே போய்ப் பார்த்திருக்கிறார். கொட்டகையின் மூலையில் தார்ப்பாய் போர்த்தபடி ஒரு பெட்டி நின்றது. காற்றைக் கிழித்துப் போவதற்கென்று வளைவாகச் செய்யப்பட்ட அந்தக்காலத்து ரயில் ஒன்றின் கடைசிப் பெட்டி அது. அதன் பின்புறம் ஒருகாலம் அரைவட்டமாக முழுவதும் கண்ணாடியாம். பயணிகள் சாய்வு நாற்காலிகளில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு போவார்களாம். ரயில் ஓட்டத்தை நிறுத்தியபின் யாரோ அதை வாங்கித் தோட்டத்தில் கோடை வீடாக வைத்திருந்தார். கண்ணாடிப் பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பலகைச் சுவரும் கதவும் அடித்திருந்தார்கள்.

சங்கத்தின் தச்சர் ஸ்வென்ட் என்பவரிடம் அண்ணா தன் அரைகுறை டேனிஷில், "வாற சனிக்கிழமை நான் வரலாமா?" என்று கேட்டிருக்கிறார். அதன்பின் அவர் போகாத சனிக்கிழமை இல்லை.

வீட்டில் அவர் சின்னச் சின்ன ரயில் பெட்டிகள் செய்வார். உள்ளங்கையில் வைக்கக்கூடிய அளவு. ஒருமுறை நானும் கணவரும் மகனும் மகளும் போனபோது அலுமாரியில் ஏழு பெட்டிகள் இருந்தன. அமெரிக்காவில் ஓடிய வெள்ளிநிறப் பெட்டிகள், பதுளை ரயிலின் கடைசியில் பூட்டும் ஒப்சவேஷன் பெட்டி என்று எல்லாமே பின்னால் கண்ணாடி வைத்த கடைசிப் பெட்டிகள். என் கணவர், "என்ன அண்ணை, எஞ்சின் ஒண்டையும் காணேலை?" என்று கேட்டார்.

"எஞ்சினை எல்லாரும் செய்யினம்" என்றார் அண்ணா.

நாங்கள் சிரித்தோம். திரும்பி வரும்போது காரில், சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நானே சொன்னேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அது நடந்தது. தொலைபேசியில், "உதுகளை விட்டிட்டு இஷொய்க்கு வந்து எங்களோடை இருங்கோவன், அண்ணை" என்பேன். "இஞ்சை கொஞ்ச வேலை கிடக்குது, பிள்ளை" என்பார். என்ன வேலை என்று நான் கேட்டதில்லை.

அந்த வேலை என்னவென்று அவர் இறந்தபின் ஸ்வென்ட் சொல்லித்தான் அறிந்தேன். அந்தப் பெட்டியைத் திருத்த முடியாது என்று சங்கம் ஒருகட்டத்தில் முடிவெடுத்திருந்தது. வெட்டி எறிந்த பின்புறத்துக்கு வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை. அளவு தெரியாமல் சட்டம் செய்யவும் முடியாது, கண்ணாடி வளைக்கவும் முடியாது. ஓடும் சில்லுகளையும் கீழ்ச்சட்டத்தையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போடுவதென்று கூட்டத்தில் பேசினார்கள். அதுவரை கூட்டங்களில் வாய்திறக்காத அண்ணா எழுந்து நின்று, "எனக்கு ஒரு பனிக்காலம் தாருங்கள்" என்று கேட்டாராம்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் பழைய புகைப்படங்களைத் தேடினார். பெட்டியின் அருகே நிற்கும் ஒரு மனிதரின் உயரம், தண்டவாளத்தின் அகலம் ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு சன்னலின் அளவையும் கணக்கிட்டார். தன் சமையல் மேசையில், பத்தில் ஒன்று அளவில், அந்த அரைவட்டப் பின்புறத்தைப் பித்தளையிலும் மரத்திலும் செய்தார். மூன்று முறை அளவு பிழையாகி, மூன்று முறையும் கழற்றினார். இளவேனிலில் அதைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொட்டகையில் இறக்கினார். அதன் அளவுகளைப் பத்தால் பெருக்கி, பெட்டியில் மிஞ்சியிருந்த பழைய ஆணித்துளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரு விரலகலம்கூட விலகவில்லையாம். "நான் போய்க் கோப்பி போட்டேன்" என்றார் ஸ்வென்ட். அந்தச் சிறிய உருவைப் பார்த்தே பெரிய சட்டத்தைச் செய்தார்கள். பெட்டியை முடிக்க மேலும் ஆறு ஆண்டுகள் சென்றன.

முதல் ஓட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு அண்ணா என்னை அழைத்தார். அவராக அழைப்பது அரிது.

"ஒரு பழைய ரயில் ஓடப்போகுது. நான் வேலைசெய்த பெட்டி. உங்கள் நாலு பேருக்கும் இடம் வைச்சிருக்கிறன்."

"எப்ப அண்ணை?"

நாளைச் சொன்னார். அன்றைக்கு என் கணவரின் சொந்தக்காரர் மகளுக்கு ஓல்போர்க்கில் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா.

"அண்டைக்கு ஏலாது, அண்ணை. அடுத்தமுறை கட்டாயம் வாறம்."

"ஓம், பரவாயில்லை" என்றார். தான் பெட்டியில் என்ன செய்தார் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சாமத்தியவீட்டுக்கு ரண்டர்ஸைத் தாண்டித்தான் போகவேண்டும். வீதியில் ஊர்ப்பெயர்ப் பலகை வந்தபோது கணவர், "திரும்பேக்கை பாப்பம்" என்றார். திரும்பும்போது நேரமாகிவிட்டது. நாங்கள் நிற்கவில்லை.

அன்று அண்ணா அந்த அரைவட்டக் கண்ணாடியோரம் நான்கு இருக்கைகளில் எங்கள் நால்வரின் பெயர்களையும் கடதாசியில் எழுதி வைத்திருந்தாராம். நாங்கள் வரமாட்டோம் என்று தெரிந்தும் வைத்திருக்கிறார். ரயில் நிறைந்த கூட்டம். இரண்டாவது நிலையம் வரை அங்கே யாரையும் இருக்க விடவில்லை. பிறகு தானே கடதாசிகளை எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நின்றுகொண்டிருந்த ஒரு தாயையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு இருத்தினார். அவர் கடைசிவரை உட்காரவில்லை. கதவருகே நின்றபடியே போய் வந்தார்.

அடுத்தமுறை என்று ஒன்று வரவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் அண்ணாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். எங்களுக்கு அவர் சொல்லவில்லை. இரண்டு மாதங்கள் கழித்து ஸ்வென்ட் தான் என் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப்பிடித்து அழைத்தார். நான் வேலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு ரண்டர்ஸ் போனேன். மருத்துவமனையில் பதினொரு நாட்கள் அவரோடு இருந்தேன். நாங்கள் இருவரும் தனியே அவ்வளவு நாள் இருந்தது இந்த நாட்டில் அதுவே முதல்முறை.

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேலை?"

"நீ வேலையோடை கஷ்டப்படுறாய். சொல்லி என்ன செய்யிறது?"

இன்னொரு நாள் அவருக்குக் கஞ்சி பருக்கியபின் மனம் கேளாமல் சொன்னேன். "அண்ணை, உங்கடை ரயில் ஓடின அண்டைக்கு நாங்கள் ரண்டர்ஸாலைதான் போனனாங்கள்."

"தெரியும். பேஸ்புக்கிலை படம் பாத்தனான்" என்றார். பிறகு, "பிள்ளையளின்ரை உடுப்பு வடிவாய் இருந்துது" என்றார்.

நான் கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில், என் கை அவர் கையில் இருக்க அண்ணாவின் மூச்சு அடங்கியது.

இறுதிக் கிரியைக்கு எங்கள் உறவினரில் பனியைப் பொருட்படுத்தாமல் வந்தவர்கள் இருபது பேர் இருக்கும். டேனிஷ்காரர்கள் முப்பதுக்கு மேல் வந்திருந்தார்கள். அவர்களை எனக்குத் தெரியாது. அவர்களுக்கு என்னைத் தெரிந்திருந்தது. முதியவள் ஒருத்தி என் கையைப் பிடித்து, "நீங்கள்தானே நர்சிங் படித்த தங்கை?" என்று கேட்டாள். நான் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்துகொண்டே நாற்பது வயதில் படித்துத் தேறியதை அண்ணா கொட்டகையில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். அன்று கேக்கும் வாங்கிக் கொடுத்தாராம். எனக்கு அவர் சொன்னது, "நல்லது, பிள்ளை" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே.

இந்தக் கோடையில் நானும் மகளும் அந்தப் பெட்டியில் போனோம். மகன் வேலையென்று வரவில்லை, நான் வற்புறுத்தவில்லை. அண்ணா எந்த இடத்தில் நிற்பார் என்று ஸ்வென்டிடம் கேட்டேன். கதவருகே கைப்பிடியைக் காட்டினார். போகும்போது கண்ணாடியோரம் இருந்தேன். வரும்போது அங்கே நின்றுகொண்டு வந்தேன். கால் நன்றாக வலித்தது.

அண்ணாவுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், வீட்டுக்கு வந்து உதவிய கொம்யூன் எனும் நகரசபைப் பணியாளர்களுக்கும், ஈமக்கிரியைகளையும் ஆண்டுத் திவசத்தையும் முறையாக நடத்தித் தந்த ஐயருக்கும், சமைத்துக் கொண்டுவந்த ரண்டர்ஸ் குடும்பங்களுக்கும், மலர்வளையம் அனுப்பியோருக்கும், தொலைவில் இருந்து துயர் பகிர்ந்தோருக்கும் எங்கள் நன்றி. நோயின் முதல் இரண்டு மாதங்களும் அண்ணாவை மருத்துவமனைக்கு ஏற்றி இறக்கிய ஸ்வென்டுக்கும் அவருடைய தோழர்களுக்கும் தனியே நன்றி சொல்லவேண்டும்.

இந்தக் கட்டுரையை என் மகள் டேனிஷில் மொழிபெயர்த்து மறுபக்கத்தில் சேர்த்திருக்கிறாள். தமிழ் மலரில் டேனிஷ் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். எங்கள் அண்ணாவை நன்கு அறிந்தவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

தங்கை
இஷொய், டென்மார்க்