இளைத்துவிட்டாயே என்றார்கள்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள், தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் நின்றபடி போய்க்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் எழுந்து, "வாயும் வயிறுமா நிக்கிறியேம்மா, உக்காரு" என்றார்.

நான் கர்ப்பமாக இல்லை. மனநோய்க்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்த ஒன்றரை வருடத்தில் இருபது கிலோ ஏறியிருந்தது. உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டு உட்கார்ந்துகொண்டேன். அன்றோடு மாத்திரையை நிறுத்தினேன். தினமும் ஒன்றைப் பிரித்துக் கழிவறையில் போட்டுவிட்டு, கணவரிடம் காலி அட்டையைக் காட்டினேன்.

பசி அடங்கியது. தூக்கமும் போனது. உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும். தேய்த்த பாத்திரத்தையே நான்கு முறை தேய்த்தேன். ரவிக்கை தளர்ந்தது.

"இன்னா சாப்புட்ற? சிக்குனு ஆயிட்டியே!" என்று சர்ச்சில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நோய் திரும்பிக்கொண்டிருப்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

ஐந்தாவது வாரம். பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும், 'மேலே ஏறு, மேலே ஏறு' என்று காதுக்குள் ஒரு குரல். வெள்ளிமலை பேருந்தில் ஏறி, மலைப்பாதையில் பாதி வழியிலேயே இறங்கினேன். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நடந்தேன். வளைவுகளில் ஜீப்புகள் அலறிக்கொண்டு விலகின. வெள்ளிமலை போய்விட்டுத் திரும்பிய அதே பேருந்து, என் பக்கத்தில் நின்றது. நடத்துநர் இறங்கி வந்தார்.

"எங்கம்மா போய்க்கினு இருக்க?"

"தெரியலங்க."

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "வூட்ல யாருக்குப் போன் பண்ணலாம், சொல்லு" என்றார். கணவரின் எண்ணைச் சொன்னேன். என்னைப் பேருந்தில் ஏற்றி, எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் எழுந்தபோதெல்லாம் "இதோ வந்துடும்மா" என்று சொல்லிச் சொல்லியே கீழே கொண்டுவந்து சேர்த்தார். நிறுத்தத்தில் என் கணவர் வியர்த்து வழிந்தபடி நின்றிருந்தார்.

மருத்துவரிடம் அன்றே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "எடை ஏறினது உங்க தப்பு இல்லம்மா. அந்த மாத்திரைக்குப் பசி ஜாஸ்தியாகும். வேற பாக்கலாம். இனிமே நிறுத்தணும்னு தோணுச்சுன்னா, மொதல்ல எங்கிட்ட வந்து சண்டை போடுங்க" என்றார். வெளியே வந்ததும் என் கணவர், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மருந்து மாறியது. எட்டு கிலோ குறைந்தது. மீதி என்னோடுதான் இருக்கிறது.

யாராவது திடீரென்று இளைத்து வந்து நின்றால் மற்றவர்கள் அழகு என்கிறார்கள், எனக்கோ, "ராத்திரி நல்லா தூங்கறியா?" என்று கேட்டுப் பதில் வரும்வரை இன்றும் மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை.