பின்சீற் இல்லாத கார்

பேர்ணடெற்றிடம் ஏழு பேர் ஏறக்கூடிய வேன் ஒன்று இருந்தவரைக்கும் அவளுக்குச் சனி ஞாயிறு என்று ஒன்று இருக்கவில்லை.

கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் அவர்கள் இருந்த கட்டடத்துத் தமிழ்ப் பெண்களில் முதலில் லைசென்ஸ் எடுத்தவள் அவள்தான். அந்தப் பெருமை ஒரு மாதம் நீடித்தது. பிறகு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. விமான நிலையம், கல்யாணம், சாமத்தியவீடு, செத்தவீடு, ஜெர்மனியிலிருந்து வந்த யாரோ ஒருவருடைய மச்சாளுக்கு நயாகரா. நயாகராவை எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காது என்று சொல்பவர்கள் பின்சீற்றில் நித்திரை கொண்டு போகிறவர்கள். பேர்ணடெற் அருவியைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டாள். மற்றவர்கள் படம் எடுக்கப் போனதும் வேன் கதவைப் பூட்டிக்கொண்டு ஸ்ரியரிங்கில் தலைசாய்த்துத் தூங்கப் பழகியிருந்தாள்.

இதில் பெரிய வில்லங்கம் அவளுடைய கணவர் சீமோன். அவருக்குக் கார் ஓட வராது. மூன்று தரம் சோதனையில் தவறி, கனடாக்காரருக்கு றோட்டுப் போடத் தெரியாது என்ற முடிவுக்கு வந்து அந்த விஷயத்தைக் கைகழுவியவர். ஆனால் வேனைத் தூக்கிக் கொடுப்பதில் அவரைப்போல ஒரு தாராளமான மனிதர் ஸ்காபரோவில் கிடையாது. தொலைபேசியை எடுப்பது எப்போதும் அவர்தான்.

"ஓமோம், அதுக்கென்ன, பேர்ணடெற் வருவா" என்பார். பிறகு றிசீவரைப் பொத்தாமலே குசினிப் பக்கம் திரும்பி, "இஞ்சாரும், சனிக்கிழமை உமக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்பார். கேள்வி மறுமுனையில் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்கும். அதற்குப் பிறகு ஒரு மனுஷி எப்படி மறுப்பது?

அதிகமாகக் கூப்பிடுகிறவர் நான்காம் மாடி றெஜினா அக்கா. "போற வழிதானே பிள்ளை" என்றுதான் ஆரம்பிப்பார். பேர்ணடெற் போகிற வழி எது என்பதையும் அவரேதான் தீர்மானிப்பார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு வைகாசி மாதம், தன்னுடைய பிறந்தநாளன்று, பேர்ணடெற் றெஜினா அக்காவையும் பிள்ளைகளையும் அக்காவின் தங்கை குடும்பத்தையும் சப்பாத்து வாங்கக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னால் மீன் றோல்ஸ் பெட்டி ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. வாசனை முன்னுக்கு வந்தது, றோல்ஸ் வரவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்தில் சின்னஞ்சிறு சிவப்புக் கார் ஒன்று வந்து நின்றது. கூரை திறந்திருந்தது. மொத்தமே இரண்டு சீற். ஒன்றில் கறுப்புக் கண்ணாடி போட்ட வெள்ளைக்காரப் பெண், மற்றதில் ஒரு நாய். நாய் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடி பேர்ணடெற்றை ஒரு பார்வை பார்த்தது.

விளக்கு பச்சைக்கு மாறியும் அவள் வேனை எடுக்கவில்லை. ஒரு நாய் ஏறினால் அந்தக் கார் நிறைந்துவிடும். அதற்கு மேல் யார் கேட்டாலும் இடமில்லை. பொய் சொல்லவும் வேண்டாம், யாருடைய மனமும் நோகவும் வேண்டாம்.

"என்ன பிள்ளை, பச்சை விழுந்திட்டுது" என்றார் றெஜினா அக்கா, வாய் நிறைய றோல்ஸோடு.

அதற்குப் பிறகு அவள் சத்தமில்லாமல் காரியம் பார்த்தாள். சீமோனின் தமையன் மகன் ஜஸ்ரின் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு சனி ஞாயிறுகளில் இடியப்பமும் கேக்கும் விநியோகம் செய்து வந்தான். அவனுக்கு வேன் தேவைப்பட்டது. வெள்ளி பின்னேரம் எடுத்துக்கொண்டு போய் ஞாயிறு இரவு கொண்டுவந்து விடு, வாடகை மட்டும் ஒழுங்காகத் தா என்றாள். அவன் நம்ப முடியாமல் இரண்டு தரம் கேட்டான். மிச்சத்துக்கு, படச்சட்டம் செய்யும் தொழிற்சாலையில் அவள் செய்த ஓவர்ரைம் இருந்தது. பேப்பர் விளம்பரத்தில் அஜக்ஸ் பக்கம் ஒரு மஸ்டா மியாட்டா. ஆறு வருடம் பழையது. சிவப்பு.

"ஒரு கார் பாக்கப் போறம், வாங்கோ" என்று மட்டும் சீமோனிடம் சொன்னாள். அவர் மலர்ந்து போனார். மிட்லண்ட் திருத்தல யாத்திரைக்குப் பன்னிரண்டு பேரைக் கூட்டிப் போவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். பெரிய வேன் ஒன்று வரப்போகிறது என்று அவருடைய எண்ணம்.

ஜஸ்ரின் அவர்களை இறக்கிவிட்டு வேனோடு மறைந்தான். கார்க்காரர் ஓய்வுபெற்ற சங்கீத வாத்தியார், நெடிய மனிதர். முழங்கால் மடங்குவதில்லை, அதுதான் விற்கிறேன் என்றார். மேலே மூடியிருந்த போர்வையை அவர் இழுத்ததும் சீமோன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். இன்னொரு சுற்று வந்தார்.

"இதின்ர பின்சீற் எங்கையப்பா?"

"இல்லை."

"கழட்டி வைச்சிருக்கிறாரோ?"

"இல்லையப்பா. செய்யேக்கையே இப்பிடித்தான் செய்தவங்கள்."

சீமோன் அந்த மனிதரைப் பரிதாபமாகப் பார்த்தார், ஏமாற்றப்பட்டது அவர்தான் என்பதுபோல. வாத்தியாரோ பேர்ணடெற்றிடம், இது கையால் கியர் போடும் கார், ஓடத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். தெரியும் என்றாள். முழுப் பொய் அல்ல. பத்தொன்பது வயதில் ஊரில், பேசாலைக் கடற்கரையில் மாமாவின் மீன் லொறியை அவள் ஓடியிருக்கிறாள், மாமா பின்னால் கத்திக்கொண்டு ஓடிவர. அதற்குப் பிறகு கிளச்சைக் காலால் தொட்டதில்லை.

கிங்ஸ்ரன் றோட் வழியாக வீடு வந்தார்கள். முதல் விளக்கில் கார் நின்று போனது. இரண்டாவதில் துள்ளி நின்றது. மூன்றாவதில் பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். சீமோன் சட்டைப் பைக்குள் கைவிட்டு செபமாலையை எடுத்து, வாய்விட்டே சொல்லத் தொடங்கினார். றூஜ் ஆற்றுப் பாலம் தாண்டும்போது லொறி நாளின் ஞாபகம் பேர்ணடெற்றின் இடது காலுக்குத் திரும்பி வந்தது. கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. அவள் சத்தமாகச் சிரித்தாள். சீமோன் கண்ணைத் திறக்கவில்லை.

"இனி இதுக்குள்ள நான் ஏறமாட்டன்" என்று வீட்டு வாசலில் அறிவித்தார்.

"அப்ப நாய் ஒண்டு வளப்பம்" என்றாள் அவள்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் ஸ்காபரோ முழுக்க ஒரே கதைதான். சீமோன் ஆட்களுக்கு லொத்தர் விழுந்திருக்கிறது என்றார்கள். இல்லை, மனுஷிக்கு மனநிலை சரியில்லை என்றார்கள். தொலைபேசி அடித்தால் சீமோன் துக்கம் விசாரிப்பவர்போல் பேசினார்: "வேன் இல்லையண்ணை. சின்னக் கார்தான். ஒராள்தான் ஏறலாம்." ஒராளுக்காக யாரும் கூப்பிடுவதில்லை. பேர்ணடெற் சனிக்கிழமைகளில் கூரையை மடித்துவிட்டு ஏரிக்கரைக்குப் போனாள். உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி ஒன்றையும் பங்கு போடாமல் தின்றாள். நாற்பத்துநாலு வயதில் ஒருத்தி காரணமில்லாமல் ஒரு இடத்துக்குப் போய்வருவது எவ்வளவு சுகம் என்று அவளுக்கே அதிசயமாக இருந்தது.

ஆடி மாதம் றெஜினா அக்கா கூப்பிட்டார். மார்க்கம் நகரில் ஒரு கல்யாணம்.

"ஒராள்தான் ஏறலாம் அக்கா" என்றார் சீமோன்.

"நான் ஒராள்தானே தம்பி. பிள்ளையள் பஸ்ஸில வருங்கள்."

சீமோன் றிசீவரை நீட்டினார். பேர்ணடெற் கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கினாள். பிறகு மிகவும் இனிமையான குரலில், "வாங்கோவன் அக்கா" என்றாள்.

அக்கா இறங்கி வந்த கோலத்தைப் பார்த்ததும் அவளுக்குள் பிசாசு ஒன்று எழுந்து உட்கார்ந்தது. மெஜந்தாக் கூறைச்சேலை. சலூனில் காலையிலிருந்து கட்டிய கொண்டை, ஸ்பிறே அடித்துக் கல்லாய் இறுகியது, அதைச் சுற்றிப் பூ.

"கூரையை மூடுவமோ பிள்ளை?"

"ஏசி இல்லை அக்கா. வெந்துபோவியள்."

மார்க்கத்துக்கு உள்வீதியால் போகலாம். பேர்ணடெற் 401 ஹைவேக்கு விட்டாள். நான்காம் கியரில் பூ பறந்தது. ஐந்தாம் கியரில் கொண்டை ஒரு பக்கம் சரிந்து, பிறகு மொத்தமாக அவிழ்ந்து, ஊசிகள் ஒவ்வொன்றாக ஹைவேயில் விழுந்தன. சேலைத் தலைப்பு பின்னால் கொடியாக அடித்தது. பக்கத்தில் போன லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக் கையசைத்தான். இனி இந்த ஜென்மத்தில் அக்கா காரில் ஏறக் கேட்கமாட்டார் என்று நினைத்தபடி பேர்ணடெற் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

றெஜினா அக்கா இரண்டு கைகளையும் முன்கண்ணாடிக்கு மேலே தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல ஓடாதோ?" என்று கத்தினார்.

"ஓடும். பொலிஸ் பிடிக்கும்."

"பிடிக்கட்டுமன்."

இறங்குபாதையில் வேகம் குறைந்ததும் அக்கா தலைமயிரை வாரிப் பிடித்துக்கொண்டு, தானாகவே ஒரு கதை சொன்னார். ஊரில் கல்யாணத்துக்கு முன் ரியூசன் வாத்தியார் ஒருவரின் மோட்டார் சைக்கிளில், வீட்டுக்குத் தெரியாமல், ஒரேயொரு தரம் போயிருக்கிறாராம். "அண்டைக்குப் பிறகு இண்டைக்குத்தான் இப்பிடிக் காத்து முகத்தில அடிச்சது. ஆருக்கும் சொல்லிப்போடாதை."

ஐந்து வருடமாக அக்காவை ஏற்றி இறக்குகிறாள். வேனில் அக்காவின் குரல் எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் கேட்கும். இந்த மாதிரி ஒரு சொல் முன்னுக்கு வந்ததில்லை. பேர்ணடெற்றுக்குச் செய்த வேலையை நினைக்கக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மண்டபத்து வாசலில் காரை மெதுவாக்கினாள். அக்கா அவள் கையைப் பிடித்தார்.

"நில்லு, நில்லு. வாசலில ஒருத்தரும் இல்லை. ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வா."

பார்க்கிங் லொட்டை மூன்று தரம் சுற்றினார்கள். மாப்பிள்ளை வருகிறார் என்று சனமெல்லாம் வெளியே வந்தபிறகுதான் அக்கா இறங்கினார், தலைவிரி கோலமாக, ஒரு நடிகையைப்போல. மாப்பிள்ளை வந்ததைப் பலர் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் பேர்ணடெற்றுக்காகக் காத்து நின்றார்கள். விமான நிலையத்துக்கோ கடைக்கோ அல்ல. சும்மா ஒருக்கா. அவள் போட்ட கணக்கு தலைகீழாகிவிட்டது. ஆனால் முந்திப்போல எரிச்சல் வரவில்லை. ஏழு பேர் ஏறினால் அவள் சாரதி; ஒருத்தி ஏறினால் இரண்டு பெண்கள். பக்கத்தில் இருந்தவர்கள் காற்றுக்கு மேலாகக் கத்தியே தங்கள் இரகசியங்களைச் சொன்னார்கள். ஒருத்தி கணவனுக்குத் தெரியாமல் நீச்சல் பழகுகிறாள். இன்னொருத்தி மாமியார் வருகிற விமானம் தவறவேண்டும் என்று நேர்த்தி வைத்திருந்தாள். பேர்ணடெற் வீட்டுக்கு வந்தும் தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பாள்.

"என்னவாம்?" என்று சீமோன் கேட்பார்.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாமலோ சிரிக்கிறீர்?"

"உங்களுக்குச் சொல்லக்கூடாதாம்."

இது அவரை அரித்தது. ஆவணி மாதத்தில் ஒருநாள் அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சீமோன் எடுத்தார். அவள் வழக்கமான கேள்விக்காகக் காத்திருந்தாள்.

"இல்லை அக்கா, இந்தச் சனிக்கிழமை ஏலாது" என்றார் சீமோன். "சீற் இல்லை. ஆர் இருக்கினமெண்டோ? நான்தான் இருக்கிறன்."

றிசீவரை வைத்துவிட்டு, குசினிப் பக்கம் திரும்பாமலே பேப்பரைக் கையில் எடுத்து விரித்தார். அவள் அரிசித் தண்ணீரை இரண்டாம் தரம் ஊற்றினாள். கேட்டால் கெட்டுவிடும்.

சனிக்கிழமை போர்ட் பெறி ஏரி வரை போனார்கள். சீமோன் கம்பளித் தொப்பி போட்டிருந்தார். செபமாலை பையிலேயே இருந்தது. துணிக் கூரையில் நம்பிக்கையில்லாமல் ஒரு குடையையும் மடியில் வைத்திருந்தார். ஏரிக்கரையில் ஐஸ்கிறீம் குடித்து முடிந்த பிறகு, தான் சோதனையில் தவறியது மூன்று தரம் அல்ல, ஐந்து தரம் என்று சொன்னார். மற்ற இரண்டையும் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்க் கொடுத்தவராம்.

"ஆருக்கும் சொல்லிப்போடாதையும்" என்றார்.

திரும்பி வரும் வழியில் மழை பிடித்தது. பெரிய துளிகளாக, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல். றோட்டுக் கரையில் நிறுத்திக் கூரையை இழுத்து மூட ஒரு நிமிடம்கூட எடுக்காது. பேர்ணடெற் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சீமோன் குடையை விரித்துவிட்டார், இருவருக்கும் மேலாக, முகத்தில் பெரும் கடமையோடு. குடை ஒரு நொடியில் வெளிப்பக்கமாகக் கவிழ்ந்து கிண்ணமானது. அவர் விடவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். தொப்பியிலிருந்து தண்ணீர் மூக்கில் வழிந்தது.

"நனையிறீரோ?" என்று கேட்டார்.

"இல்லையப்பா, நல்லாப் பிடிக்கிறியள்" என்றாள் அவள், தெப்பமாக நனைந்தபடி, நாலாம் கியரைப் போட்டுக்கொண்டு.