சட்டியின் அடியில் பிடித்தது

அன்றைக்கு ஈப்போவில், சிலிபின் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக் குசினியில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, வசந்தா அக்கா, நான், அப்புறம் அக்காவைக் கட்டிக்கொள்கிறேன் என்று தைரியமாக வந்து கேட்டிருந்த சேகர். வேறு யாருமில்லை, அடுத்த வீட்டுக்கு வாசனை போனால் பேச்சும் கூடவே போய்விடும் என்று அப்பா பின்கதவைக்கூடச் சாத்திவிட்டார்.

சேகர் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் சமையல்காரர். தான் உழைத்த ரப்பர் தோட்டம் கைமாறிய பிறகு 'ஜாகா' வேலைக்குப் போய், ராத்திரியெல்லாம் கேட்டைக் காவல் காத்து, வருகிறவன் போகிறவன் எல்லாரையும் ஒரு மாதிரியாகவே பார்த்துப் பழகியிருந்த அப்பாவுக்குச் சேகரின் வேலையே பிடிக்கவில்லை. "கடல்ல கிடக்கிறவனுக்கு எந்தக் கரையில எந்தக் குடும்பம் இருக்கோ, யாரு கண்டா? சமையக்காரன்னு சொல்றான்ல, சமைச்சிக் காட்டட்டும்" என்றார்.

பசாரிலிருந்து பை நிறையச் சாமானோடு வந்தவரிடம் அப்பா கேட்ட முதல் கேள்வியே, "எவ்ளோ ஆச்சு?" என்பதுதான். "அறுபத்திரண்டு வெள்ளி அங்கிள், அதை விடுங்கலா" என்றார் சேகர். அப்பா விடவில்லை, காசை எண்ணி மேசைமேல் கிளாசுக்கு அடியில் வைத்தார். வெளியாள் நமக்காகச் செலவு செய்தால் அவர் செருப்பு மாட்டுவதற்குள் தீர்த்துவிட வேண்டும், சொந்தத்துக்குள் மட்டும்தான் கணக்குப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தக் காசு சேகர் கைக்குப் போனால் கல்யாணம் இல்லை. அக்கா கிளாசையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணை எடுக்காத, என்ன போடுறான்னு பாரு" என்று அப்பா என்னைச் சட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் நின்றிருப்பேன். கோழி, இறால், குடைமிளகாய், செலரித் தண்டு எல்லாம் தெரிந்தது. சோசேஜ் மட்டும் பாக்கெட் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் பையில் வந்திருந்தது. மாடாக இருந்தால்? பன்றியாக இருந்தால்? "கோழிதான் தங்கச்சி" என்று நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னது எனக்கு இன்னும் சந்தேகத்தைத்தான் கொடுத்தது. அமெரிக்காவில் லூசியானா என்ற ஊர்க்காரர் மேடையில் கற்றுக்கொடுத்த சோறாம், பேர் ஜம்பலாயாவாம்.

"கறியும் இறாலும் ஒரே சட்டியிலயா, தோல்ல வெள்ளையா படருமே" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்த அம்மா, கோழியும் சோசேஜும் அடியில் பழுப்பாக ஒட்டத் தொடங்கியதும், "ஐயோ, பிடிச்சிருச்சு!" என்று ஒரு ஜக்குத் தண்ணீரை எடுத்து ஊற்றியே விட்டாள்.

"அத்தே! ருசியே அதுலதான இருக்கு!" என்று கத்திவிட்டார் சேகர்.

அப்பா இருமினார். "அத்தையா? அதுக்குள்ள அத்தையா?"

சேகர் காது சிவந்துபோய், அகப்பையால் அடியைச் சுரண்டிக்கொண்டே, "பரவால்ல, நானும் தண்ணி ஊத்தித்தான் இதைக் கிளப்பணும்" என்றார். அம்மாவுக்கு ஐஸ் வைக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

சோறு வெந்ததும், "நீங்க முதல்ல சாப்பிடுங்க தம்பி" என்றார் அப்பா. அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை முகத்தையே பார்த்திருந்துவிட்டுத்தான் தானும் தட்டை எடுத்தார். தட்டைக் காலி செய்தார். பிறகு எழுந்து சட்டியை எட்டிப் பார்த்து, "அந்தக் காந்தல் மிச்சம் இருக்கா?" என்று கேட்டு, அகப்பையை வாங்கித் தானே சுரண்டிப் போட்டுக்கொண்டார். கை கழுவி வந்து கிளாசைத் தூக்கினார். காசை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். அக்கா கொல்லைப் பக்கம் ஓடிவிட்டாள்.

இப்போது அப்பா இல்லை. அந்தக் குசினியை இடித்து வாடகை அறை ஆக்கியாகிவிட்டது. ஈப்போவில் ஒரு கடையில் அதே பேரில் சோறு விற்கிறார்கள். உள்ளே என்ன போடுகிறார்களோ என்று நான் வாங்குவதில்லை. அந்த சோசேஜ் உண்மையில் என்ன கறி என்று இன்றைக்கும் சேகர் மச்சானைக் கேட்கிறேன். "உங்கப்பா வச்ச பாக்கியைக் குடு, சொல்றேன்" என்று சிரிக்கிறார். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய எனக்கும் இந்தக் கணக்குத் தெரியும். கொடுத்துவிட்டால் தீர்ந்துபோய்விடுமே என்றுதான் பயம். அறுபத்திரண்டு வெள்ளி இன்னும் பாக்கி.