அணையாத வண்டி

எங்கள் பக்கத்து வீட்டு புரோகோப்பி அண்ணன் அக்டோபரில் வண்டியைக் கிளப்பினால் ஏப்ரலில்தான் அணைப்பார். சைபீரியாவின் இந்த யாகூத்தியாக் குளிரில் அணைத்த வண்டி மறுநாள் வெறும் இரும்பு. எண்ணெய் கொழுப்பாக உறைந்துவிடும். அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டியை அவர் சாக்காக்கிக் கொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சண்டையில், "போனாப் போ" என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி மத்ரியோனா அக்கா, நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே வரச்சொல்லி அக்கா கூப்பிட்டால், கோடையில் வைக்கோல் வேலை என்பார். குளிர்காலத்தில் கூப்பிட்டால், "வண்டிய யாரு பாத்துப்பா?" இத்தனைக்கும் அவள் தேநீர்க் கோப்பையைத் தினமும் கழுவி வைக்கிற மனுஷன்.

இந்த ஜனவரியில் மகள் குளிரில் உறையாத செயற்கை இன்ஜின் எண்ணெய் ஒரு டப்பா அனுப்பினாள். அண்ணன் இரண்டு ஜாடிகளில் பழைய எண்ணெயையும் புதியதையும் ஊற்றி வாசலில் வைத்தார். குளிர் மைனஸ் நாற்பத்தைந்து. காலையில் கவிழ்த்தார். பழையது அசையவில்லை. புதியது தேனாக இறங்கியது. அவர் முகம் தொங்கிப்போனது.

"என்னண்ணே, உறையணும்னு வேண்டிக்கிட்டீங்களா?"

"போடி, வேலயப் பாரு."

ஆனாலும் எண்ணெயை மாற்றினார். சாயங்காலம் வண்டியை அணைத்து, இன்ஜின்மேல் கம்பளி போர்த்தி, பேட்டரியை அடுப்போரம் வைத்தார். காலையில் மாட்டிச் சாவியைத் திருப்பினார். இரண்டு முறை முனகி, பிடித்துக்கொண்டது. மறுபடி அணைத்துவிட்டு, பேட்டரியோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் பால் கொடுக்கப் போனபோது அக்கா ஸ்பீக்கர் போனில் இருந்தாள்.

"இன்ஜின் சத்தத்தக் காணோமே, உடம்புக்கு என்னய்யா?"

"அணைச்சுட்டேன். திரும்பக் கிளம்புது."

அண்ணன் பேட்டரியை அடுப்போரம் நகர்த்தி வைத்தார்.

"நான் வந்தா... அங்க இடம் இருக்குமா?"

"ஆறு வருஷமா கட்டில்ல ஒரு ஓரமாத்தான்யா படுக்கிறேன்."

அண்ணன் போனை என் கையில் திணித்துவிட்டு, பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். தொப்பி ஆணியிலேயே தொங்கியது.