மிச்ச மீனைக் குட்டையில் விட்ட புண்ணியம்

விழுப்புரத்திலிருந்து கிளம்பி ஒரே நாளில் விரால் பிடித்துத் திரும்ப முடியுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

காலை ஐந்தரைக்கு விழுப்புரத்தில் பைக்கை எடுத்தேன். திண்டிவனம் சுமார் நாற்பது கிலோமீட்டர், பெட்ரோல் இருநூறு ரூபாய்க்குப் போட்டால் அன்றைய சுற்றுக்குப் போதும். ஊருக்கு வெளியே ஓர் ஏரி. விராலுக்கு உயிர் மீன்தான் இரை என்பதால், கரையோரம் ஜிலேபி மீன் குஞ்சுகளைப் பிடித்து வாளியில் விட்டுக்கொண்டேன். பெரிய ஜிலேபிகள் சில கண் பிதுங்கிச் செத்து ஒதுங்கியிருந்தன. வெயில்தான் என்று நினைத்தேன். தூண்டிலில் விரால் கடித்துவிட்டால் நமக்கு வேறெதுவும் மூளையில் ஏறாது.

மதியச் சாப்பாடு கெடார் பக்கம் ஏழுமலை அண்ணன் வீட்டில். அந்த வருஷம் அவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடவில்லை; நிலத்தில் குட்டை வெட்டி, கையிலிருந்த எல்லாவற்றையும் ஜிலேபி வளர்ப்பில் போட்டிருந்தார். கை கழுவப் போனபோது பார்த்தால், வாளியில் ஏழெட்டுக் குஞ்சுகள் இன்னும் துள்ளின. கொல்ல மனம் வரவில்லை. போகிற உயிரை விட்டால் புண்ணியம் என்று வாளியை அவர் குட்டையில் கவிழ்த்தேன். அவரிடம் சொல்லக்கூட இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது ரோட்டிலேயே நாற்றம் அடித்தது. குட்டை முழுக்கச் செத்த மீன். ஜிலேபியைத் தாக்கும் வைரஸ், மனிதருக்கு ஒட்டாது, வெளியிலிருந்துதான் வந்திருக்கும் என்று மீன்வளத்துறை ஆள் சொன்னாராம். அண்ணன் பக்கத்து நிலத்து முருகையனிடம் வலை இரவல் வாங்கியிருந்தார். பழி அந்த வலைமேல் விழுந்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

“நல்லாத்தான் மேஞ்சிக்கினு இருந்துச்சிடா. அந்தப் பேஜாரு புடிச்ச வலைய வாங்குனேன் பாரு.”

நான் தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அண்ணி தந்த டீயையும் குடித்து முடித்து, பைக் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் வாளி விஷயத்தைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை.

“என்னாண்ட சொல்லிட்டீங்க. முருகையனாண்டயும் நீங்களே போயி சொல்லிடுங்க.”

போய்ச் சொன்னேன். இரண்டு வீடும் இப்போது பேசிக்கொள்கின்றன.

நீங்கள் போனால், மிச்ச இரை மீனை வேறு எந்தத் தண்ணீரிலும் விடாதீர்கள், கொன்று புதையுங்கள். வலையையும் வாளியையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். இரக்கம் வந்தால் ஏரிக்கரையிலேயே, பிடித்த இடத்திலேயே காட்டுங்கள்.

போன வாரமும் கெடார் போனேன். அண்ணன் வாசல்வரை வந்து, “வாங்க, உக்காருங்க” என்றார். இத்தனை வருஷமாக என்னை “வாடா” என்றே கூப்பிட்டவர்.