மாலை போட்ட படம்

சென்ற வெள்ளிக்கிழமை ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு வாசகர் வட்டத்தினர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அவர்களுக்குக் கொடுத்தது இரண்டு பெட்டி பழைய புத்தகம். அதற்கு நன்றியாக என் போட்டோவைச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். வேண்டவே வேண்டாம் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தன்னடக்கமா... பயம் சார், பயம்!

பல வருடத்துக்கு முன்னால், துபாயில் பார்க்கிற இடமெல்லாம் கிரேன் நின்ற சமயம் அது. சோனாப்பூரில் எங்கள் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் ஒரு படிப்பறை உண்டு. ஏ.சி., தமிழ்ப் பத்திரிகை, அலமாரி நிறையப் புத்தகம். உபயம், எங்கள் முதலாளியின் நண்பரான ஓர் அமெரிக்கர். எண்ணெய்க் குழாய் வியாபாரத்தில் கோடிகளைப் பார்த்தவர். சொந்த ஊரில் மியூசியம், சங்கீத ஹால் எல்லாம் கட்டிக்கொடுத்திருக்கிறார். படிப்பறைக்கு அவருடைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும் ஃப்ரேம் போட்டு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவரே நேரில் வந்தார். மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

அவர் படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை. நெற்றியில் பொட்டு. கீழே சின்னதாகச் சிவப்பு பல்பு. ஊதுபத்தி வேறு புகைந்துகொண்டிருந்தது.

அறையைப் பார்த்துக்கொள்பவர் செல்லையா. பிளம்பர், ராமநாதபுரத்துக்காரர். ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், என்னய்யா இது என்றேன்.

"செத்தவுக பேர்லதான சார் இப்புடியெல்லாம் செய்வாக? உசுரோட இருக்கறவரு எங்களுக்கு எதுக்குப் பொஸ்தகம் வாங்கித் தரணும்?"

சொல்லிவிட்டு அமெரிக்கரைப் பார்த்தார். படத்தில் இருப்பவர் இவர்தான் என்று அப்போதுதான் புரிந்தது போல, ஓடிப்போய் ஊதுபத்தியை அணைத்தார்.

எனக்கு வேறு கவலை. மனிதர் கோபித்துக்கொண்டால் அறை போச்சு. ஒரே ரூமில் பத்துப் பேர் படுக்கும் கேம்ப்பில், உட்கார்ந்து படிக்க வேறு இடம் ஏது?

அமெரிக்கர் படத்தின் அருகே போனார். கண்ணாடியில் அவர் முகம் விழுந்தது — சரியாக மாலைக்கு நடுவில். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பெரிய மனிதர்களுக்கு இப்படிச் செய்வது எங்கள் வழக்கம் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். அவர் சிரித்தார். பம்பாயில் இப்படிப் பல படங்கள் பார்த்திருக்கிறாராம். பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"போன வாரம்தான் டாக்டர் சொன்னார். என் மகனுக்கே இன்னும் தெரியாது. இவர்களுக்கு யார் சொன்னது?"

வெளியே கொளுத்தும் வெயில், எனக்கு உடம்பு சில்லிட்டது. செல்லையா மாலையைக் கழற்றக் கை நீட்டினார். இருக்கட்டும் என்று அமெரிக்கரே தடுத்துவிட்டார்.

மூன்றே மாதம். மெயில் வந்தது. படிப்பறை தொடர்ந்து நடக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருந்தார். கேம்ப்புக்கு ஓடினேன். அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் மிச்சமில்லை. மாலை, பொட்டு, பல்பு... எல்லாம் முன்பே தயார்.

செல்லையா மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால், கொடுக்கிறவன் உயிரோடு இருப்பான் என்றே நமக்கு நம்பிக்கை வருவதில்லையே, வருத்தம் அதில்தான்.

ரோலாக்காரர்களுக்கு நான் போட்டோ தரவில்லை. நேற்று போன் செய்தார்கள் — சுவரில் ஆணி மட்டும் அடித்து வைத்திருக்கிறார்களாம்.